உழவர் மானியமும் தண்டப்பேர்க் கணக்கும்

மானியம் என்னும் சொல் நம் நாட்டு வருவாய்க் கணக்குகளில் மிகப் பழமையானது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் பணம் நினைவுக்கு வருகிறது. முற்காலத்திலோ நிலமே நினைவுக்கு வந்தது. கோயில் பணிவிடைக்காகவோ கிராம ஊழியத்துக்காகவோ, தீர்வையின்றியோ குறைந்த தீர்வையிலோ ஒருவர் அனுபவித்து வந்த நிலத்துக்கு மானியம் என்று பெயர். ஊழியம் செய்பவர் எவரோ அவரே நிலத்தின் பயனையும் நுகர்வார் என்பது அதன் உட்பொருள். நிலமாக இருந்த மானியம் நம் காலத்தில் பணமாகிவிட்டது. எனினும் அந்தப் பணம் யாரிடம் சென்று சேர்கிறது என்று ஆராய்ந்தால், அதில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தையே பின்தொடர்ந்து செல்வதைக் காணலாம். நிலம் ஒருவர் பெயரிலும் உழவு மற்றொருவர் கையிலும் இருக்குமிடத்தில், இது சிறிய செய்தியன்று.

திருவனந்தபுரம் ஜில்லாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் களப்பணியாளருக்கும், மேல்வகுப்புகளில் குடிமையியலும் வேளாண்மையும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது பயன்படக்கூடும்.

மானியத்தை அளக்கும் கோல்

அரசாங்கம் உழவருக்கு உதவத் தீர்மானித்த உடனேயே ஒரு கேள்வி எழுகிறது. எதனை அளந்து உதவுவது? மூட்டையையா, விளைந்த கிலோவையா, நட்ட கன்றையா, ஹெக்டேரையா, அல்லது குடும்பத்தையா? எந்தக் கோலால் அளக்கிறோமோ அதனைப் பொறுத்தே உதவி பெறுவோரும் பெறாதோரும் பிரிகின்றனர். திட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் கோலால் அளக்கப்படுகிறது என்று அறிந்துகொள்வது களப்பணிக்கு அதிகம் உதவும்.

முதலில் மூட்டையை எடுத்துக்கொள்வோம். வேப்பெண்ணெய் பூசிய 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை உழவர் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறார். அதன் உற்பத்திச் செலவும் இறக்குமதி விலையும் இதற்குப் பல மடங்கு. இடைப்பட்ட தொகையை மத்திய அரசாங்கம் உர நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. 2018 முதல், சில்லறைக் கடையிலுள்ள கருவியில் வாங்குபவரின் அடையாளத்துடன் விற்பனை பதிவான பின்னரே நிறுவனம் அத்தொகையைக் கோர இயலும். வாங்குபவர் பெயரில் நிலம் உண்டா என்பது இங்கு அளவுகோலன்று. ஆகையால் பாட்டத்துக்குப் பயிர் செய்பவருக்கும் இம்மானியம் தடையின்றிக் கிடைக்கிறது. இதற்கு வேறொரு குறை உண்டு. 2010 ஏப்ரல் முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு அவற்றிலுள்ள சத்தின் அளவை ஒட்டி மானியம் நிர்ணயிக்கப்பட்டு, சில்லறை விலை அதற்கேற்ப ஏறி இறங்கலாயிற்று. யூரியா மட்டும் விலைக் கட்டுப்பாட்டிலேயே நின்றது. மலிவானதை மிகுதியாக இடும் பழக்கம் வளர்ந்தது. மண்ணுக்கு எது தேவை என்பதைவிட எது மலிவு என்பதே உரமிடுதலைத் தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

அடுத்தது கிலோ. ஜில்லாவின் கிழக்குப் பகுதியில், நெடுமங்காடு, காட்டாக்கடை வட்டங்களின் மேட்டு நிலங்களில் ரப்பர் பரவலாகக் காணப்படுகிறது. ரப்பருக்கு மானியம் புதிதன்று. முதிர்ந்த மரங்களை வெட்டிவிட்டுப் புதிய இரகங்களை நடுவோருக்கு உதவும் திட்டத்தை ரப்பர் வாரியம் 1957இலேயே தொடங்கியது. நட்ட மரம் பால் தர ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இடைக்காலத்தில் வருவாய் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே அத்திட்டத்தின் கருத்து. 2015இல் கேரள அரசாங்கம் தொடங்கிய ரப்பர் உற்பத்தி ஊக்கத் திட்டமோ வேறு வகையானது. கிலோவுக்கு 150 ரூபாய் என ஓர் ஆதார விலை வைக்கப்பட்டது. அது 2021இல் 170 ஆகவும், 2024இல் 180 ஆகவும், 2025 நவம்பரில் 200 ஆகவும் உயர்ந்தது. சந்தை விலை அதற்குக் கீழே போனால், விற்பனைச் சீட்டின் பேரில் வித்தியாசம் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படும். ஆதார விலை 180 ஆக இருந்தபோது சந்தை விலை 165 எனக் கொண்டால், 100 கிலோ விற்றவருக்கு 1,500 ரூபாய் கிடைத்திருக்கும். சந்தை விலை ஆதார விலையைத் தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை.

நெல்லுக்கும் கிலோவே கோல். கேரளத்தில் நெல் கொள்முதலை மாநில சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், அதாவது சப்ளைகோ, மேற்கொள்கிறது. மத்திய அரசாங்கத்தின் குறைந்தபட்ச ஆதார விலையோடு மாநிலம் தன் பங்காக ஓர் ஊக்கத்தொகையைச் சேர்க்கும். ஆசிரியர்கள் வகுப்பில் கணக்காகவே கொடுக்கத்தக்க ஒரு செய்தி இதில் உண்டு. 2022-23இல் மத்திய விலை கிலோவுக்கு 20 ரூபாய் 40 காசு, மாநிலப் பங்கு 7 ரூபாய் 80 காசு, கூட்டுத்தொகை 28 ரூபாய் 20 காசு. அடுத்த ஆண்டில் மத்திய விலை 21 ரூபாய் 83 காசாக உயர்ந்தது. உழவர் பெற்றது எவ்வளவு? அதே 28 ரூபாய் 20 காசுதான். ஏனெனில் மாநிலப் பங்கு 6 ரூபாய் 37 காசாகக் குறைந்துவிட்டது. ஏற்றமும் இறக்கமும் சரியாக 1 ரூபாய் 43 காசு. ‘விலை உயர்ந்தது’ என்று செய்தித்தாளில் படிக்கும் உழவர், தம் கைக்கு ஏன் ஒரு காசும் கூடவில்லை என்று களப்பணியாளரைக் கேட்டால், விடை இதுவே. நெல் பெற்றதற்கான சீட்டின் பேரில் வங்கி முதலில் கடனாகப் பணம் வழங்குவதும், பின்னர் சப்ளைகோ அக்கடனை அடைப்பதுமாகிய ஏற்பாடும் இங்கு உண்டு. அடைப்பதில் தாமதம் நேர்ந்தால், நெல்லை விற்றவர் வங்கியின் கணக்கில் கடனாளியாக நிற்கிறார். இது உழவர்களின் நெடுநாள் குறையாக இருந்துவருகிறது.

கன்றைக் கோலாகக் கொண்டு அளப்பதும் உண்டு. 1995இல் தொடங்கிய மாநிலப் பயிர்க் காப்புறுதித் திட்டத்தில் வாழைக்கு இத்தனை கன்று என்று எண்ணியே கட்டணமும் இழப்பீடும் கணக்கிடப்படுகின்றன. காற்றில் சாய்ந்த ஏத்தன் வாழையைத் தோட்டத்தில் நின்று எண்ணிவிடலாம். எண்ணுவது எளிது என்பதனாலேயே இக்கோல் வாழைக்கு நன்கு பொருந்துகிறது.

ஹெக்டேரும் குடும்பமும்

இனி நிலத்தைக் கோலாகக் கொண்டவற்றைச் சற்று விரிவாகக் காண்போம். சிக்கலும் இங்குதான் இருக்கிறது.

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாயாக மூன்று தவணைகளில், நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர் வரை உடையவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, அதே ஆண்டிலேயே நிலமுடைய குடும்பங்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. கணவன், மனைவி, வயது நிரம்பாத பிள்ளைகள் ஆகியோர் சேர்ந்தது ஒரு குடும்பம். 2019 பிப்ரவரி 1ஆம் நாள் நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவர் தகுதியுடையவர். அதற்குப்பின் விலைக்கு வாங்கியவர் அல்லர். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் விதிவிலக்கு உண்டு. வருமான வரி செலுத்துவோர், அரசாங்க ஊழியத்தில் இருப்போர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்குமேல் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் நடத்தும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலியோர் விலக்கப்பட்டுள்ளனர். கடைநிலை ஊழியருக்கு இவ்விலக்குப் பொருந்தாது.

இத்திட்டத்தில் 6,000 ரூபாய் என்பது நிலத்தின் அளவுக்கேற்ப மாறுவதில்லை. 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.18 ஹெக்டேர், அதாவது சுமார் 44 சென்ட். இந்தியச் சராசரியோ 1.08 ஹெக்டேர். 0.18 ஹெக்டேர் உடையவருக்கு இவ்வுதவி ஹெக்டேருக்கு 33,000 ரூபாய்க்கு மேலும், இரண்டு ஹெக்டேர் உடையவருக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாயும் ஆகிறது. சிறியவருக்கு இது சாதகமே. இதனைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அச்சிறியவர் பெயரில் நிலம் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றைக் குறிப்பிடுவது தவறாகாது. மொழிபெயர்ப்பு எனது தொழில். நிலமுடைய விவசாயக் குடும்பம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒரு சுற்றறிக்கையில் வந்தபோது, நான் அதனை ‘உழவர் குடும்பம்’ என்று எழுதிவிட்டேன். தமிழுக்கு அது இனிமையாகவும் சுருக்கமாகவும் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் மூத்தவர் ஒருவர் அதனை அடித்துவிட்டு ‘நிலம் உடைய’ என்ற இரு சொற்களைச் சேர்த்தார். அன்று எனக்கு அது வீண் நுணுக்கமாகப் பட்டது. அந்த இரு சொற்களுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது பின்னர், கல்லியூர்ப் பக்கத்து வயல்களைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

மாநில அரசாங்கம் 2020இல் தொடங்கிய நெல்வயல் உரிமைத்தொகையும், ராயல்டி என்று மக்கள் வழங்குவது, நிலத்தையே அளவுகோலாகக் கொண்டது. கேரளத்தில் 1974-75இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் விஸ்தீரணம் இன்று ஏறக்குறைய 2 லட்சத்தில் நிற்கிறது. வயலை மண்ணிட்டு நிரப்பி மனையாக்குவதைத் தடுக்க 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தடுத்தால் மட்டும் போதாது, நிரப்பாமல் வைத்திருப்பவருக்கு ஒரு தொகையும் தரவேண்டும் என்பது ராயல்டியின் கருத்து. வயல் மழைநீரைத் தேக்கி நிலத்தடி நீரை ஊட்டுகிறது. அப்பயன் ஊர் முழுவதற்கும் போய்ச்சேர்கிறது. எனவே வயலை வயலாகவே காக்கும் உரிமையாளருக்கு ஊரார் சார்பில் தரும் கட்டணம் என இதனைக் கொள்ளலாம். தொடங்கியபோது ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்றிருந்தது. நிலத்தின் இயல்பை மாற்றாமல் பயறு, காய்கறி, எள் முதலியவற்றைப் பயிரிட்டாலும் பெறலாம். தரிசாக விட்டவர் தாமாகவோ பிறர் வழியாகவோ பயிருக்குக் கொண்டுவந்தாலும் பெறலாம். தொகை உரிமையாளருக்கு என்பது வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளது. இதில் குழப்பமில்லை. காப்பதற்குக் கூலி காப்பவருக்கு, பயிர் செய்வதற்கு உதவி பயிர் செய்பவருக்கு என்று இரண்டையும் பிரித்து வைத்தது இதன் நேர்மை எனலாம்.

பதிவேட்டில் பெயர் ஏறிய வரலாறு

உழுபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்குத் திருவிதாங்கூரில் நடந்த முயற்சி நீண்டது. ஆயில்யம் திருநாள் அரசாட்சியில், தி. மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865இல் பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் வெளியிடப்பட்டது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதுவந்தவர்கள் அதனை விற்கவும் மாற்றவும் உரிமை பெற்றனர். ஜன்மிகளின் நிலத்தில் இருந்த குடியானவருக்கு 1896இல் ஜன்மி-குடியான் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தந்தது. கேரள மாநிலம் உருவான பின், 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1969இல் அதற்குச் செய்த பெரும் திருத்தமும் சேர்ந்து, 1970 ஜனவரி 1 முதல் பாட்டமுறையையே ஒழித்தன. உழுதவர் உடையவரானார். குடிகிடப்புக்காரர், அதாவது பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர், பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வீட்டுமனையை வாங்கும் உரிமை பெற்றார். அதற்குப்பின் புதிதாகப் பாட்டம் ஏற்படுத்துவதை அதே சட்டம் தடை செய்தது.

ஒரு நூற்றாண்டுக்குக் குறையாத இம்முயற்சியின் பயனாக, கிராம அலுவலகத்தின் தண்டப்பேர்க் கணக்கில் உழுபவர் பெயர் ஏறியது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதனைத் தங்கள் சிட்டாவோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். அன்று ஏறிய பெயர்களும் அவற்றின் வாரிசுகளும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. உழவு மட்டும் இடம் பெயர்ந்துவிட்டது.

பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்குப் போயினர், பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். வயல் தரிசாகக் கிடந்தது. அத்தரிசை வாய்மொழிப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்வோர் பெரும்பாலும் சொந்த வயல் இல்லாதவர்கள், குடிகிடப்பு மனைகளில் வாழ்வோரின் வழியில் வந்தவர்களும் அவர்களில் உளர். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்களும் மாநிலமெங்கும் இவ்வாறு நிலம் எடுத்து நெல்லும் காய்கறியும் மரச்சீனியும் வாழையும் விளைவிக்கின்றன. வெள்ளாயணிக் காயலைச் சுற்றியுள்ள வயல்களில், 1955இல் நிறுவப்பட்ட வேளாண்மைக் கல்லூரியின் பார்வைக்கெட்டும் தூரத்திலேயே, பயறும் பாகலும் புடலையும் பந்தலில் தொங்குவதைக் காணலாம். அவற்றைப் பறிப்பவர் எல்லாரும் நிலத்துக்கு உரியவர் என்று எண்ணிவிடலாகாது.

உரிமையாளர் ஏன் எழுத்தில் தருவதில்லை? காரணம் அச்சமே. 1970இல் பாட்டக்காரர் உரிமையாளரானதை ஒவ்வொரு நிலமுடைய குடும்பமும் நினைவில் வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற எண்ணம், சட்டம் புதிய பாட்டத்தை ஏற்கவில்லை என்ற உண்மையோடு சேர்ந்து, பேனாவை மூடி வைக்கச் செய்கிறது. உழுபவரைக் காக்கப் பிறந்த சட்டம் இன்று உழுபவர் பெயரை எழுதவொட்டாமல் தடுப்பது வரலாற்றின் விந்தை. அதற்காக அச்சட்டத்தைப் பழிப்பது நியாயமன்று. அது 1970இன் கேள்விக்கு விடையளித்தது.

சுண்ணாம்பின் கதை

பெயர் யாருடையது என்பது மண்ணையும் பாதிக்கும் என்பதற்குச் சுண்ணாம்பு நல்ல சான்று. இந்த ஜில்லாவின் செம்பூரான் மண் இயல்பாகவே அமிலத்தன்மை உடையது. அமில மண்ணில் அலுமினியமும் இரும்பும் வேருக்கு நஞ்சாகும் அளவில் கரைகின்றன. மணிச்சத்து பயிருக்கு எட்டாதபடி கட்டுண்டு போகிறது. இந்நிலையில் எத்தனை மூட்டை உரமிட்டாலும் முழுப் பயன் கிட்டாது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு இடவேண்டும். 350 கிலோவை முதல் உழவின்போதும், எஞ்சிய 250 கிலோவை நட்ட ஒரு மாதத்துக்குப் பின்னும் இடுவது முறை.

சுண்ணாம்பின் பயன் இட்ட பருவத்தோடு முடிவதில்லை. அடுத்த பருவங்களுக்கும் தொடரும். பதினொரு மாதத்துக்கு மட்டும் நிலத்தைப் பெற்றவர், அடுத்த ஆண்டு வேறொருவர் அறுவடை செய்யப்போகும் பயனுக்காக இன்று ஏன் செலவு செய்வார்? அவர் யூரியாவை இடுவார், அது இரண்டு வாரத்தில் பச்சையாகத் தெரியும். சுண்ணாம்புக்கு மானியம் உண்டு. ஆனால் அதற்கான விண்ணப்பத்தோடு கரம் கட்டிய ரசீது கேட்கப்படும், பாட்ட நிலமாயின் பாட்டச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாதவர் கிருஷி பவன் படியேறுவதில்லை. ஆக, பெயரும் காலமும் சேர்ந்து மண்ணை அமிலத்திலேயே விட்டுவிடுகின்றன. மண் பரிசோதனை அறிக்கையில் அமிலநிலை ஆண்டுதோறும் மாறாமல் இருப்பதைக் கண்டு களப்பணியாளர் உழவரின் அறியாமையை நொந்துகொள்வதுண்டு. அறியாமை காரணமாக இருக்கலாம். ஆயினும் பாட்டத்தின் காலம் என்ன என்பதையும் ஒருமுறை விசாரித்தல் நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

அரை ஹெக்டேர் வயல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நகரத்தில் வசிக்கிறார், ஓய்வூதியம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல். நான்கு பெண்கள் சேர்ந்து வாய்மொழிப் பாட்டத்துக்கு அதனை எடுத்து முதலில் நெல்லும் பின்னர் பயறும் பயிரிடுகின்றனர். பிரதம மந்திரி கிசான் நிதி உரிமையாளருக்குக் கிடைக்காது, ஓய்வூதியம் தடை. பெண்களுக்கும் கிடைக்காது, வீட்டுமனையைத் தவிர நிலம் இல்லை. அந்த வயலுக்காக ஒருவருக்கும் அந்த 6,000 வருவதில்லை. உரிமையாளர் ஆசிரியராக இல்லாமல் வருமான வரி கட்டாத சிறு கடைக்காரராக இருந்திருந்தால், விதிப்படி அவருக்கு அது கிடைத்திருக்கும். பெண்களுக்கு அப்போதும் இல்லை. ராயல்டி, தொடக்க விகிதப்படி கணக்கிட்டால், ஆண்டுக்கு 1,000 ரூபாய் உரிமையாளருக்குப் போகும். யூரியாவின் மலிவு பெண்களுக்கு. இவ்வயலுக்கு வேண்டிய 300 கிலோ சுண்ணாம்பின் மானியம் சீட்டைப் பொறுத்தது. குடும்பஸ்ரீ குழுவாகப் பதிவு செய்திருந்தால் பயிரிட்ட பரப்பை ஒட்டிய ஊக்கத்தொகை அவர்களுக்கு உண்டு.

ஒரே வயலில் ஐந்து உதவிகள் ஐந்து வழியில் பிரிவதைக் காண்கிறோம். தகுதியில்லாதவர் பெற்றுவிட்ட தவணைகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கைகள் நாடெங்கும் நடந்தன, கேரளத்திலும் நடந்தன. பெறவேண்டியவர் பெறாததற்கோ அறிவிப்புக் கடிதம் எதுவும் வருவதில்லை. அது எந்தக் கணக்கிலும் பற்றாக எழுதப்படுவதில்லை.

பிற இடங்களில்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1933இல் பருத்தி விலை வீழ்ச்சியைத் தடுக்க, பயிர்ப் பரப்பைக் குறைப்பவருக்கு அரசாங்கம் பணம் தந்தது. ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடு. அவர் தம் வாரக் குடியானவருக்குப் பங்கு தரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பலர் தரவில்லை. பரப்பு குறைந்தபின் ஆள் வேண்டாம் என்று குடியானவரை வெளியேற்றியவரும் உண்டு. அர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியில், டைரோன்சா என்னும் சிற்றூர் அருகே, 1934 ஜூலையில் வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் கூடித் தென்பகுதிக் குடியானவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிறவேற்றுமை கடுமையாக இருந்த அக்காலத்தில் இருவரையும் ஒரே அறையில் அமரவைத்தது ஒரு மானியத் திட்டத்தின் குறை என்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டில் தெலங்கானா 2018இல் ரைத்து பந்து திட்டத்தைத் தொடங்கி, ஏக்கருக்குப் பருவந்தோறும் 4,000 ரூபாய் வழங்கியபோது, அதனைப் பட்டாதாரருக்கே கொடுத்தது. குத்தகைதாரர் சேர்க்கப்படவில்லை. ஒடிசாவின் காலியா திட்டமோ வாரக் குடியானவரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019இல் சட்டம் இயற்றி, பதினொரு மாதத்துக்குச் செல்லும் பயிரிடுவோர் அட்டையை ஏற்படுத்தியது. அதில் நிலத்தின் மேல் எவ்வுரிமையும் பிறக்காது, ஆனால் உரிமையாளர் கையொப்பம் வேண்டும். அச்சம் அங்கும் பேனாவை மூடுகிறது.

தமிழ்நாட்டில் சிட்டாவுக்குப் பக்கத்தில் அடங்கல் என்னும் கணக்கு இருப்பதைக் களப்பணியாளர் அறிவர். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அடங்கல் அந்தப் பசலியில் நிலத்தில் என்ன பயிர் நின்றது என்று சொல்லும். 1969இல் குத்தகை உரிமையைப் பதிவதற்கென்று தனிச் சட்டமும் அங்கு வந்தது. கேரளத்தில் ஆண்டுதோறும் சர்வே எண் வாரியாகப் பயிரைப் பதியும் அத்தகைய கணக்கு இல்லை. அதனால்தான் கேரளமும் ஒடிசாவும் மேற்கு வங்காளமும் பயிர்ப் பரப்பை மாதிரி ஆய்வு முறையால் மதிப்பிடுகின்றன. பரப்பை மதிப்பிட மாதிரி போதும், ஆளைக் கண்டறிய அது போதாது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்தில் விவசாயி அடையாள எண், எண்ணியல் பயிர்க் கணக்கெடுப்பு ஆகிய இரண்டும் உள்ளன. அடையாள எண் நிலப் பதிவேட்டைச் சார்ந்திருக்கும்வரை பழைய கேள்வி புதிய கருவிக்குள்ளும் தொடரும். பயிர்க் கணக்கெடுப்போ வயலுக்கே சென்று பார்ப்பது. ஆகவே அடங்கல் இல்லாத மாநிலத்துக்கு அதனால் நன்மை அதிகம்.

களத்திலும் வகுப்பிலும்

விதியை மாற்றுவது களப்பணியாளர் கையில் இல்லை. ஆனால் எந்த உதவிக்கு எந்தத் தாள் போதும் என்பதை அறிந்து சொல்வது அவர் கையில் இருக்கிறது. உரிமையாளருக்கு அச்சம் இருப்பின், நிலத்தின் மீது எவ்வுரிமையும் கோரப்படவில்லை, இப்பருவத்துப் பயிருக்கு மட்டுமே சம்மதம் என்று எழுதிய கடிதத்துக்கு இலாகா எந்த அளவு மதிப்புத் தருகிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நன்று. ராயல்டி தமக்கே வரும், பயிர் மானியத்தால் தமக்கு இழப்பில்லை என்று விளங்கச் சொன்னால் பலர் கையொப்பமிடத் தயங்கமாட்டார்கள். பாடசேகர சமிதி உள்ள இடங்களில் அதன் செயலாளருக்கு ஒவ்வொரு வரப்பின் வரலாறும் தெரிந்திருக்கும். காப்புறுதிக்குக் காலவரம்பு உண்டாதலால், கன்று நட்டவுடனேயே இவ்வேலையைத் தொடங்கவேண்டும். காற்றடித்தபின் சீட்டைத் தேடுவது பயன்தராது.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு சிறு பயிற்சி செய்விக்கலாம். பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு வயற்பரப்பைத் தேர்ந்து, ஒரு தாளில் அதன் வரப்புகளை வரையச் சொல்லுக. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செய்திகளைக் குறிக்கவேண்டும்: என்ன பயிர், பயிர் செய்பவர் நிலத்துக்கு உரியவரா அல்லரா. பெயர்களை எழுதவேண்டியதில்லை, எழுதாதிருப்பதே நல்லது. உரியவர் பயிர் செய்யும் கட்டத்துக்குப் பச்சையும், பிறர் பயிர் செய்வதற்கு மஞ்சளும், தரிசுக்கு வெள்ளையுமாக நிறம் தீட்டுக. பின்னர் மேலே சொன்ன திட்டங்களில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, அது எந்த நிறக் கட்டத்துக்குச் செல்லும் என்று மாணவரைக் கேட்கவேண்டும். அடுத்த பருவத்தில் அதே படத்தை மீண்டும் வரைந்து ஒப்பிட்டால், எத்தனை வெள்ளைக் கட்டங்கள் மஞ்சளாயின என்பதை அவர்களே எண்ணிச் சொல்வார்கள்.